ஸ்டிக்கர் ரன் அடிக்காது!

ஏற்காட்டுல மரத்துக்கா பஞ்சம்? வாழவந்தி பக்கம் போனா, காபித் தோட்டத்துக்கு நிழல் கொடுக்க சில்வர் ஓக் வரிசைகட்டி நிக்குது. மேத்யூ ஹேடனோட குவீன்ஸ்லாந்துதான் அந்த மரத்துக்கும் பூர்வீகம். அதுலயே ஒரு பேட் செதுக்கிட்டா என்ன?

விதிப்படி தப்பே இல்ல பாஸ்! 1979-ல பெர்த் டெஸ்ட்ல டென்னிஸ் லில்லி அலுமினிய பேட்டோட இறங்கி ரகளையாச்சு. அதுக்கப்புறம், பந்தை அடிக்கிற பகுதி முழுக்க மரமா இருக்கணும்னு விதி வந்தது. எந்த மரம்னு அதுல சொல்லலை!

அப்புறம் ஏன் எல்லாரும் வில்லோவையே கட்டிக்கிட்டு அழறாங்க? மேட்டர் எடையில இருக்கு. வில்லோ லேசான மரம், ஆனா நார் கெட்டி. அடி வாங்கினா லேசா அமுங்குமே தவிர, சட்டுனு சிலாம்பு தெறிக்காது. செதுக்கும்போது மெஷின்ல வெச்சு அழுத்துவாங்க. மேல்பரப்பு இறுகணும், உள்ளே மென்மை மிச்சம் இருக்கணும். அழுத்தம் கூடினா பந்து துள்ளாது. குறைஞ்சா பேட் சீக்கிரம் பிளக்கும். கைப்பிடிக்கு வில்லோ கிடையாது, அதிர்வு தாங்குற பிரம்பு!

வில்லோவுக்கு குளிரும் வேணும், காலடியில தண்ணியும் வேணும். இங்கிலாந்துக்கு வெளியே அதுக்கு வாகா அமைஞ்ச இடம் காஷ்மீர். அனந்தநாக் மாவட்டத்துல சங்கம் பக்கம் நெடுஞ்சாலை ஓரமா பேட் கடைகள்தான். இங்கிலீஷ் வில்லோவைவிட காஷ்மீர் வில்லோ கொஞ்சம் கனம், நிறமும் கொஞ்சம் மங்கல். அதுக்காக மட்டமா நினைக்காதீங்க... 2021 டி20 உலகக் கோப்பையில ஓமன் வீரர்கள் காஷ்மீர் பேட்டோடதான் இறங்கினாங்க.

சரி, பாக்கெட் மணி சேர்த்து பேட் வாங்கப் போறீங்களா? முதல் கேள்வி, எந்தப் பந்துல ஆடுறீங்க? டென்னிஸ் பந்துன்னா லேசான காஷ்மீர் வில்லோ தாராளம். இங்கிலீஷ் வில்லோவுக்குக் கொட்டுற காசு வேஸ்ட். சின்னப்பம்பட்டி நடராஜன் வளர்ந்ததே டென்னிஸ் பந்துலதான், அதுல கௌரவக் குறைச்சல் எதுவும் இல்ல!

கடையில ஸ்டிக்கரைப் பார்க்காதீங்க, மரத்தைப் பாருங்க. ரேகைகள் மேலிருந்து கீழே நேரா ஓடணும். முடிச்சு, வெடிப்பு இருக்கா, கைப்பிடி இறங்குற 'வி' இடம் இறுக்கமா இருக்கான்னு தடவிப் பாருங்க. வலது கைக்காரங்க இடது கையால மட்டும் தூக்கிப் பாருங்க, இடது கைக்காரங்க வலது கையால. மணிக்கட்டு தொங்குச்சுன்னா, எந்த ஸ்டாரோட பேர் போட்ட பேட்டா இருந்தாலும் அது உங்களுக்கு இல்ல.

லெதர் பந்துன்னா வாங்கின அன்னைக்கே இறங்கிடாதீங்க. ஆளி விதை எண்ணெயை லேசா தடவி, பேட்டுக்குன்னு விக்கிற மரச் சுத்தியலால சில மணி நேரம் பொறுமையா தட்டணும். ஓரத்தை மறக்காதீங்க. அப்புறம் பழைய பந்துல பழகணும்.

மலையில ஆடுறவங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா டிப்ஸ். பனியில நனைஞ்ச தரையில பேட்டை ஊன்றாதீங்க. நுனி தண்ணியை உறிஞ்சி உப்பும், அப்புறம் பிளக்கும். நனைஞ்சா நிழல்ல காய வைங்க, அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீங்க.

இதுல மிச்சம் பிடிச்ச காசுல முதல்ல ஒரு கார்டு வாங்குங்க மச்சி... எந்த கார்டுன்னு நான் வேற சொல்லணுமா?