அறிவுக்குச் சாதியில்லையாம்!

2024 ஆகஸ்டில் ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்கார் என்ற அறிவியல் விருதுகளைக் குடியரசுத் தலைவர் முதன்முறையாக வழங்கினார். மொத்தம் 33. பழைய பட்நாகர் பரிசும் இப்போது இதற்குள் அடக்கம். விருதை அறிவித்தபோது எல்லாத் துறைகளுக்கும் பிரதிநிதித்துவம் உண்டு, ஆண் பெண் சமத்துவமும் பேணப்படும் என்று எழுதினார்கள். நல்லது, வரவேற்கிறோம். அந்த வரியில் சாதி மட்டும் இல்லை. ஏன்னு கேட்டுப் பாருங்க. 'அறிவுக்கு ஏதுங்க சாதி? இங்க தகுதி, திறமை மட்டும்தான்' என்று பதில் வரும்.

சரி, அந்தத் தகுதி எப்படித் தயாராகிறது என்று பார்ப்போம்.

பரிசு கடைசியில் வருவது. அதற்கு முன்னால் வேலை வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும், ஆராய்ச்சியை வழிநடத்தும் பதவி வேண்டும். அந்த வாசலை அடைத்தது யார்? ஆராய்ச்சி செய்கிற, அதை வழிநடத்துகிற உயர்நிலை அறிவியல் பதவிகளுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்குத் தரலாம் என்று 1975இல் மத்திய அரசு ஆணை போட்டது. 1992 மண்டல் தீர்ப்பை சமூகநீதியின் வெற்றி என்று கொண்டாடுகிறோம். அணுசக்தி, விண்வெளி உள்ளிட்ட ஆராய்ச்சி நிறுவனங்களின் தொழில்நுட்பப் பதவிகளுக்கும் பேராசிரியர் பதவிகளுக்கும் இடஒதுக்கீடு உகந்ததல்ல என்று உச்ச நீதிமன்றம் எழுதியதும் அதே தீர்ப்பில்தான். 2019இல் மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிடங்களுக்கு இடஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. சட்டத்தோடு ஓர் அட்டவணையும் வந்தது. அதில் பெயர் உள்ள நிறுவனங்களைச் சட்டம் தொடாது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், நம்ம தரமணி கணித அறிவியல் நிறுவனம், கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம் எல்லாம் அதில் உண்டு. கொல்கத்தாவின் சாஹா நிறுவனமும் உண்டு. மேகநாத் சாஹா யார்? தாழ்ந்த சாதி என்று கல்லூரி விடுதியில் தனியே உட்கார்ந்து சாப்பிட வைக்கப்பட்ட விஞ்ஞானி. அவர் பேர் வச்ச இடத்துலயும் நமக்கு இலை போடணும்னு சட்டம் கட்டாயப்படுத்தாது!

அடுத்தது பரிந்துரை. பட்நாகர் பரிசுக்கு யாரும் தானாக விண்ணப்பிக்க முடியாது என்பதுதான் விதியாக இருந்தது. துணைவேந்தர், இயக்குநர், அறிவியல் அகாடமித் தலைவர், ஏற்கெனவே பரிசு வாங்கியவர் - இப்படிப்பட்டவர்கள்தான் பெயர் சொல்ல வேண்டும். அதுவும் 45 வயதுக்குள். பந்தியில உக்காந்தவன்தான் அடுத்த இலைக்கு ஆள் கூப்பிடுவான். அவன் யாரைக் கூப்பிடுவான்?

எது அறிவு என்று தீர்மானிக்கிற அதிகாரமும் அவர்களிடம்தான். இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்தார்கள். அங்கே பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் காட்டினார்கள் இருவரும். பாம்புக்கடி மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்கிற இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து வடநெம்மேலியில் இருக்கிறது. 2023இல் இந்த இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எந்தப் பிரிவில்? சமூக சேவை! பத்ம விருதில் அறிவியல் பிரிவு இல்லையா? இருக்கிறது. பாம்பைப் பற்றிக் கட்டுரை எழுதினால் விஞ்ஞானி. மண்ணில் பாம்பின் தடம் படித்து இது இன்ன பாம்பு, இந்த வளையில் இருக்கிறது என்று சொன்னால் சேவகன். அறிவுக்குச் சாதி இல்லையென்று இனியும் சொல்வீர்களா?

விருதே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1975 ஆணையைத் திரும்பப் பெறு. 2019 சட்டத்தின் அட்டவணையைக் கிழித்துப் போடு. பெயர் சொன்னவர்கள், சொல்லப்பட்டவர்கள், தேர்ந்தெடுத்தவர்கள் - மூன்று கூட்டத்துக்கும் சாதிவாரிக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடு. நம்ம புள்ளைங்க தகுதியை அப்புறம் பேசலாம். சாதியே இல்லாத இடம் என்றால் கணக்குக் காட்ட உங்களுக்கு என்ன பயம்?