சட்டத்தின் பட்டியலில் நமக்கும் ஒரு வரி வேண்டும்

2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பதிவுக்கு 12ஏபி, நன்கொடைக்கு 80ஜி என்று நாம் வாய்ப்பாடாகச் சொல்லிவந்த பிரிவுகளுக்கெல்லாம் புது எண்கள். அறக்கட்டளையும் சங்கமும் இனி ‘பதிவுபெற்ற இலாப நோக்கற்ற அமைப்பு’. 2021-இல் ஐந்தாண்டுப் பதிவு வாங்கியவர்கள் 2025 செப்டம்பருக்குள் புதுப்பிக்க விண்ணப்பித்திருக்க வேண்டும். விட்டுப்போனவர்கள் இன்றே ஆடிட்டரைப் பாருங்கள். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரம் 2024 முதல் ஆணையருக்கு உண்டு. கேட்காமல் இருந்துவிட்டால் அமைப்பின் நிகரச் சொத்து மதிப்பின் மீதே உச்ச விகிதத்தில் வரி போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. 2025-26 கணக்குக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நல்லதும் ஒன்று நடந்திருக்கிறது. முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் வருமானம் 5 கோடி ரூபாயைத் தாண்டாத அமைப்புகளுக்குப் பதிவு இனி பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். தமிழ்நாட்டுக் கட்டற்ற மென்பொருள் அமைப்புகளில் அந்தத் தொகையை எட்டிப்பார்த்தவர் யாரும் இருப்பதாக நாம் அறியோம். ஆகவே இது எல்லோருக்கும் பயன்படும்; வரவேற்கிறோம்.

நம் மனக்குறை வேறு இடத்தில். அறநோக்கம் எது என்ற வரையறையைப் புதிய சட்டம் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. ஏழைகளுக்கு உதவி, கல்வி, யோகா, மருத்துவம், சுற்றுச்சூழல், கலை வரலாற்றுச் சின்னங்கள். கடைசியாக, இவை எதிலும் சேராத பொதுப்பயன் பணிகள். நாம் நிற்பது அந்தக் கடைசியில். கற்றுக்கொடுக்கிறோமே, கல்வியில் சேர்க்கக்கூடாதா என்று கேட்பவர்கள் லோக சிக்ஷண டிரஸ்ட் வழக்கைப் பாருங்கள். செய்தித்தாள் நடத்திய அந்த அமைப்பு கல்வித் தலைப்பைக் கேட்டது. முறையாகப் பயிற்றுவிப்பதே கல்வி என்று சொல்லி 1975-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பட்டறையும், யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கும் மின்னூலும் அந்த அளவுகோலில் தேறுவது கடினம்.

கடைசித் தலைப்பில் நிற்பதற்கு விலை உண்டு. கட்டணம் வாங்கிச் செய்யும் வேலையின் வரவு மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த ஆண்டுக்கு விலக்கு போய்விடும். ஆண்டு வரவு ஒன்றரை லட்சம் உள்ள ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். எல்லை 30,000 ரூபாய். ஒரு பொறியியல் கல்லூரி இரண்டு நாள் லினக்ஸ் பயிற்சிக்கு 40,000 கொடுத்தாலே எல்லை உடைந்துவிடும். அகமதாபாத் நகர வளர்ச்சி ஆணைய வழக்கில் 2022 அக்டோபரில் வந்த தீர்ப்பு சற்று மூச்சுவிட இடம் தருகிறது: அடக்க விலைக்கோ அதற்குச் சிறிதே மேலாகவோ வாங்கும் கட்டணம் வணிகமாகாது. ஆகவே பட்டறைக் கட்டணத்தை அடக்க விலையிலேயே வையுங்கள். மண்டப வாடகை, தேநீர், அச்சுத்தாள் என்று ஒவ்வொன்றையும் அந்தப் பட்டறையின் பெயரிலேயே எழுதுங்கள்.

இதையெல்லாம் எழுதப்போவது யார்? இந்த இதழ் தொடங்கிய நாள் முதல் நாம் கேட்டுவரும் கேள்வி இதுதான். மதுரையில் ஒரு கட்டற்ற மென்பொருள் அமைப்பைத் தாங்குபவர்கள் மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர். வழங்கியைப் பராமரிப்பவரே அறங்காவலர், அவரே பொருளாளர், கல்லூரிகளுக்குப் போய்ப் பேசுபவரும் அவரே. மொழியாக்கச் சரங்களை இரவு பதினொரு மணிக்குச் சரிபார்க்கும் பள்ளி ஆசிரியர்தான் மே 31-க்குள் நன்கொடையாளர் பட்டியலையும் ஏற்றியாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய்.

ஒரு செலவை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். தளப்பெயரையும் ஜெர்மனியில் உள்ள வழங்கியையும் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் யூரோவில், அமைப்பின் வங்கிக் கணக்குக்குக் கடன் அட்டை கிடையாது. அறங்காவலர் தன் அட்டையில் கட்டுகிறார். உடனே திருப்பித் தரப் பணம் இல்லையென்றால் அது அவர் கொடுத்த கடன். கடனை அடைக்கும் ஆண்டில்தான் அது அறநோக்கச் செலவாகக் கணக்கில் ஏறும். அவர் சட்டப்படி ‘குறிப்பிட்ட நபர்’ என்பதால் தணிக்கையாளர் அந்த வரவு செலவைத் தனியே பார்ப்பார். பணம் வெளிநாட்டுக்குப் போயிருப்பதால் இது இந்தியாவுக்கு வெளியே செலவிட்ட வருமானமா என்ற கேள்வியும் எழும். ஆம் என்றால், தணிக்கைக்கு உட்பட்ட அமைப்புக்கு 2025-26 கணக்கில் எளிய 10பிபி தணிக்கைப் படிவம் போய் நீண்ட 10பி வந்துவிடும். மேலூர்ப் பள்ளி ஆய்வகத்தில் ஒரு பிள்ளை தமிழில் தட்டச்சு செய்யப் பயன்படும் வழங்கிக்குத்தான் இவ்வளவும்.

பதிவு விசாரணை ஒன்றில் எங்களுக்குத் தெரிந்த ஓர் அமைப்பிடம் பயனாளிகள் பட்டியலை முகவரியோடு கேட்டார்கள். யார் வேண்டுமானாலும் எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம் என்பதே நம் உரிமத்தின் உயிர். பட்டியலுக்கு எங்கே போவது? அமெரிக்காவிலும் இதே சிக்கல் எழுந்தது. ஷாட்வெல் படச் செயலியை உருவாக்கிய யோர்பா அறக்கட்டளை 2009 இறுதியில் வரிவிலக்குக்கு விண்ணப்பித்தது. 2014-இல் மறுப்பு வந்தது. எவரும் எதற்கும் பயன்படுத்த முடிவதால் அது அறப்பணி ஆகாது என்பது அங்கே சொன்ன காரணங்களில் ஒன்று. 1985-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையோ அதே நாட்டில் வரிவிலக்கோடு இயங்கிவருகிறது.

பட்டியலைத் திருத்த முடியாது என்று எவரும் சொல்ல வேண்டாம். 2009-இல் சுற்றுச்சூழலும் சின்னங்களும் சேர்ந்தன. 2015-இல் யோகா சேர்ந்தது. அதே 2015-இல்தான் மத்திய அரசு தன் அலுவலகங்களுக்குத் திறமூல மென்பொருள் கொள்கையை வெளியிட்டது. சென்னையில் மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குவது டெபியன் தன்னார்வலர்களின் உழைப்பின் மேல். சி. உமாசங்கர் பொறுப்பில் இருந்தபோது தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட் சூசே லினக்சுக்கு மாறியதும் இப்படிப்பட்ட உழைப்பை நம்பித்தான். மென்பொருள் வேண்டும், அதைச் செய்பவர்களுக்குச் சட்டத்தில் ஒரு வரி கூட வேண்டாமா? 536 பிரிவுகளைப் புதிதாக எழுதிய கைகளுக்கு அந்த ஒரு வரி பாரமா? நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவுக்கான ஏழாம் அட்டவணையிலும் நம் பெயர் இல்லை. கேட்டால் கல்வி என்று எழுதிக்கொள்ளுங்கள் என்கிறார்கள்; எழுதினால் இது கல்வி அல்ல என்கிறார்கள். இதைப் பொறுமையாகச் சொல்லிச் சொல்லி நமக்கு அலுத்துவிட்டது.

உழைப்புக்குக் கணக்கே இல்லை என்பது இதைவிடக் கொடிது. நம் ஊரின் பெயரைத் தாங்கிய மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்து கு. கல்யாணசுந்தரம் வழிநடத்த, பல நாட்டுத் தமிழர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்துச் சேர்த்தது அது. 2012 முதல் வரும் கணியம் மின்னிதழின் கட்டுரைகளுக்குப் பின்னாலும் அப்படிப்பட்டவர்களே. அந்த மணிநேரங்களுக்கு எந்த வரவு செலவு அறிக்கையிலும் பத்தி இல்லை. ரூபாயை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு ஒன்றரை லட்சம் வரவுள்ள அமைப்பு சிறு அமைப்பாகத்தான் தெரியும்.

நேரடி வரிகள் வாரியத்துக்கும் மதுரை நாடாளுமன்ற உறுப்பினருக்கும் இந்த இதழ் மனு அனுப்புகிறது. கேட்பவை இரண்டு. கட்டற்ற உரிமத்தில் வெளியிடும் மென்பொருளையும் மொழி வளங்களையும் உருவாக்கிப் பராமரிப்பதை அறநோக்க வரையறையில் தனித் தலைப்பாகச் சேர்க்க வேண்டும். இங்குள்ள பணிக்காக வெளிநாட்டு வழங்கிக்கும் தளப்பெயருக்கும் கட்டும் தொகை இந்தியாவில் செய்த செலவே என்று சுற்றறிக்கை வர வேண்டும். மனுவோடு இணைக்க, உங்கள் அமைப்பில் சென்ற நிதியாண்டில் யார் என்ன வேலைக்கு எத்தனை மணிநேரம் கொடுத்தார்கள் என்று எழுதி ஜூன் இறுதிக்குள் அனுப்புங்கள். பெயர்கள் வேண்டாம், வேலையும் நேரமும் போதும். கணக்கு எழுதியதற்கும் படிவம் ஏற்றியதற்கும் ஆன மணிநேரத்தைத் தனியாகக் குறியுங்கள்.