மிஸ்ட்ராவின் கந்துவட்டி

'பால்டர்ஸ் கேட் 3' ஆடிய யாரிடமாவது கேலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நல்ல பையன்தான், ஆனா திமிரு. பேராசைப்பட்டான், அனுபவிக்கிறான்." இந்தத் தீர்ப்பை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரை. திமிர் யாருக்கு என்ற கேள்வியை நாம் தப்பான ஆளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆடாதவர்களுக்குச் சுருக்கமாக (முடிவுவரை சொல்லப்போகிறேன், ஜாக்கிரதை). 2023-ல் லாரியன் ஸ்டுடியோஸ் வெளியிட்ட இந்த விளையாட்டு, 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' குடும்பத்தின் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில் நடக்கிறது. அங்கே மந்திரத்துக்கென்று ஒரு தெய்வம் உண்டு, மிஸ்ட்ரா. உலகத்து மாயம் முழுவதும் 'வீவ்' என்ற ஒரே நெசவு. தறி அவள் கையில். கேல் அவளுடைய பக்தன். அவள் அவனுக்கு முதலில் ஆசிரியை, பிறகு ஆதர்சம், பிறகு காதலி. ஆனால் ஓர் எல்லைக்கு மேல் அவனை விடவில்லை. அவளுக்கு ஈடாக நிற்க ஆசைப்பட்டு, தொலைந்துபோன பழைய நெசவின் ஒரு துண்டைத் தேடிப் போனான். அது அவன் நெஞ்சுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. எந்நேரமும் வெடிக்கலாம். மந்திரப் பொருள்களைத் தின்னக் கொடுத்தால்தான் அடங்கும். அம்மணி அவனைக் கைகழுவிவிட்டாள்.

அப்புறம் வருகிறார் எல்மின்ஸ்டர், தேவியின் தூதராக. செய்தி என்ன? 'அப்சல்யூட்' என்ற எதிரியின் மையத்துக்குப் போய் உன்னை நீயே வெடிக்கச் செய்துகொள், மன்னிப்பு உண்டு. கூடவே ஒரு மந்திரத்தையும் போட்டுவிடுகிறார். அதோடு அந்தத் துண்டு அடங்கிவிடுகிறது. இனி அவன் நினைத்தால்தான் வெடிக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அடக்கும் வித்தை அவளிடம் இருந்திருக்கிறது! அவன் துடித்த நாளெல்லாம் தராதவள், அவன் வெடிகுண்டாகப் பயன்படுவான் என்று தெரிந்ததும் தருகிறாள். பிற்பாடு கார்சஸின் கிரீடத்தைக் கொண்டுவந்து ஒப்படைத்தால் முழுசாகவே குணமாக்குகிறேன் என்கிறாள். கடன்பட்டவனின் உயிரையே வட்டியாகக் கேட்பதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு. அருள் என்று சொல்ல மாட்டோம்.

"அவ என்ன பண்ணுவா, கார்சஸ் கதை தெரியாதா?" என்பார்கள். தெரியும். நெதரில் என்ற பறக்கும் நகரங்களின் பேரரசு. அதன் பெரும் மந்திரவாதி கார்சஸ். நிலத்தடியில் வாழ்ந்த ஃபேரிம் என்ற உயிரினங்கள் மாயத்தை உறிஞ்சி நாட்டையே அழித்துக்கொண்டிருந்தன. நாட்டைக் காப்பாற்ற, அன்றைய மந்திர தேவி மிஸ்ட்ரிலின் சக்தியைத் தனக்குள் இழுத்துக்கொண்டான். அவனால் தாங்க முடியவில்லை. நெசவு சிதற, அதைக் காக்க மிஸ்ட்ரில் தன்னையே பலியிட்டாள். நகரங்கள் விழுந்தன. அவளிடத்தில் வந்த மிஸ்ட்ரா போட்ட சட்டம்: பத்தாம் நிலையும் அதற்கு மேலுமான மந்திரம் இனி யாருக்கும் இல்லை. ஒருத்தன் செய்த தவறுக்கு, பிறக்கவே பிறக்காத தலைமுறைகள் வரைக்கும் தண்டனை. இதைத்தான் ரசிகர்கள் 'பாதுகாப்பு' என்கிறார்கள்.

ஒரே ஆள் இழுத்தால் உலகமே சரிகிற மாதிரி அந்த உலகத்தை யார் கட்டியது? கூரை முழுவதையும் ஒற்றைத் தூணில் நிறுத்திவிட்டு, தூணைத் தொட்டவனைத் திட்டுவதில் என்ன நியாயம்?

இந்தத் தூண் உண்மையில் எதைத் தாங்குகிறது என்று பார்க்க, கதைக்கு வெளியே வர வேண்டும். எட் கிரீன்வுட் சிறுவயதில் கற்பனை செய்யத் தொடங்கிய இந்த உலகத்தை 1987-ல் டிஎஸ்ஆர் நிறுவனம் விளையாட்டாக வெளியிட்டது. 1989-ல் விதிப்புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வந்தது. அதே ஆண்டு வந்த நாவல்களில் தெய்வங்கள் பூமியில் வீசப்பட்டன, மிஸ்ட்ரா கொல்லப்பட்டாள், மிட்நைட் என்ற மனிதப் பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். புதிய விதிகளில் 'அசாசின்' வகுப்பு இல்லை. கதையிலும் பேன் என்ற தெய்வம் அசாசின்கள் அத்தனை பேரின் உயிரையும் குடித்துவிட்டது. 1997-ல் டிஎஸ்ஆரை விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 2008-ல் நான்காம் பதிப்பு, மந்திர விதிகள் தலைகீழ். கதையில் மறுபடி மிஸ்ட்ரா கொலை, நெசவு அறுந்தது, மந்திரவாதிகள் பைத்தியமானார்கள், செத்தார்கள். 2014-ல் ஐந்தாம் பதிப்பு, பழைய பாணி பெருமளவு திரும்பியது. மிஸ்ட்ராவும் திரும்பிவிட்டாள்.

ஆக, புத்தகம் மாறினால் தெய்வம் சாகிறது. அவள் விதிப்புத்தகத்தின் முகம். அதனால்தான் அவளை உண்மையாகக் கேள்வி கேட்கும் ஒரு கதையை இந்த உலகம் சொல்லத் தயங்குகிறது. கேட்டவன் கார்சஸ் ஆகிறான், இல்லை கேல் ஆகிறான். விலையைக் கொடுப்பவர்கள் எப்போதும் பக்தர்கள்.

"வேற வழியே இல்லையே" என்றால், இருக்கிறது. அதே டிஎஸ்ஆர் 1984-ல் கொண்டுவந்த 'டிராகன்லான்ஸ்' உலகத்தில் மந்திரத்துக்கு மூன்று தெய்வங்கள், மூன்று நிலாக்கள். வெள்ளை, சிவப்பு, கறுப்பு அங்கிகள். அங்கேயும் கொடுமை உண்டு, உயிரை வாங்கும் தேர்வு உண்டு. ஆனால் சாவி ஒரே இடுப்பில் தொங்கவில்லை. சிவப்பு அங்கி ரைஸ்ட்லின் கறுப்புக்கு மாறலாம். மாறியும் அவன் மந்திரவாதிதான். ஒற்றைத் தறி என்பது இயற்கை விதி இல்லை, எழுதியவர்கள் எடுத்த முடிவு.

இதெல்லாம் விளையாட்டுதானே, எதற்கு இவ்வளவு கோபம்? கதைகளில் யார் பக்கம் நிற்கிறோம் என்பது பழக்கமாகிவிடும், அதனால்தான். மறுத்தவரை விட்டுவிட்டு, கேட்டவனின் குணத்தை ஆராயும் பழக்கம் விளையாட்டோடு நின்றுவிடாது. "அவனுக்கு இவ்வளவு ஆசை எதுக்கு?" என்ற கேள்வி நமக்கு எவ்வளவு சரளமாக வருகிறது! "அவளிடம் மட்டும் அவ்வளவு இருப்பது எப்படி?" என்று கேட்க நாக்கு புரளவே மாட்டேன் என்கிறது.

கேலுக்கு அந்த விளையாட்டு சில முடிவுகளைத் தருகிறது. வெடித்துச் சாகலாம். கிரீடத்தைக் கொடுத்து மன்னிப்பு வாங்கலாம். ஆசையை விட்டு வாத்தியாராகலாம். அல்லது கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, லட்சிய வெறியின் தெய்வமாகத் தானே இன்னொரு நாற்காலியில் உட்காரலாம். தறியைப் பொதுவில் வை என்று அவளிடம் சொல்லி ஜெயிக்கிற முடிவு மட்டும் அதில் இல்லை.