எண்ணைப் பார்த்து வாங்குங்கள்



இந்த இதழின் நடுப்பக்கங்களைப் பழைய பந்தயக் கார்களின் மாதிரிகளுக்குக் கொடுத்திருக்கிறோம். “பொம்மைக்கு இத்தனை பக்கமா?” என்று அலுவலகத்திலேயே முணுமுணுப்பு எழுந்தது. என் பதில் இதுதான்: சாதாரணக் காரின் மாதிரியை வாங்குகிறவர் ஒரு காரை வாங்குகிறார். பந்தயக் காரின் மாதிரியை வாங்குகிறவர் குறிப்பிட்ட ஒரு நாளையே வாங்கிவிடுகிறார். பக்கவாட்டில் இருக்கும் எண் மாறினால் ஓட்டியவர் மாறிவிடுவார், முடிவும் மாறிவிடும்.

மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல்ஆர் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி நிற உடலில் சிவப்பாக 722. இத்தாலியில் பிரெஸ்சியாவிலிருந்து ரோம் போய்த் திரும்பும் ஆயிரம் மைல் பந்தயமான மில்லே மிலியாவில், 1955 மே 1 அன்று ஓடிய கார் இது. கிளம்பும் நேரம்தான் காரின் எண், காலை 7.22க்குக் கிளம்பியதால் 722. ஓட்டியவர் ஸ்டர்லிங் மாஸ். பக்கத்தில் இருந்த தாடிக்காரர் டெனிஸ் ஜென்கின்சன், ஒரு பத்திரிகையாளர். (நம்ம ஆள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.) முன்கூட்டியே சாலையெல்லாம் சுற்றிப் பார்த்து, எந்த வளைவில் அடக்க வேண்டும், எந்த மேட்டில் துணிந்து மிதிக்கலாம் என்று குறித்துக்கொண்டார்கள். ஐந்து மீட்டருக்கு மேல் நீண்ட அந்தக் குறிப்புத் தாளைச் சிறு உலோகப் பெட்டிக்குள் சுருளாக வைத்து, உருட்டி உருட்டிப் படித்தார் ஜென்கின்சன். இன்ஜின் இரைச்சலில் பேச்சு எடுபடாது, எல்லாம் கைச்சாடைதான். நடுவில் அவருடைய மூக்குக்கண்ணாடி காற்றோடு போய்விட்டது. நல்லவேளை, இன்னொன்று வைத்திருந்தார். 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் பந்தயத்தை முடித்தார்கள். ஊர்களுக்குள் புகுந்து போகும் சாதாரணச் சாலையில் சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டர்! ‘மோட்டார் ஸ்போர்ட்’ இதழில் ஜென்கின்சன் எழுதிய கட்டுரையை இன்றும் தேடிப் படிக்கிறார்கள்.

அதே பந்தயத்தில் இன்னொரு 300 எஸ்எல்ஆர் 658 என்ற எண்ணோடு ஓடியது. ஓட்டியவர் ஃபாஞ்சியோ, தனியாளாக. அவருக்கு இரண்டாம் இடம். அலமாரியில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் விவரம் அறியாதவருக்கு ஒரே கார்தான்.

மாதிரிகளில் அதிகம் புழங்கும் அளவு 1:43. இந்த விசித்திரக் கணக்கு பொம்மை ரயிலிலிருந்து வந்தது. பிரிட்டனின் ‘ஓ கேஜ்’ பொம்மை ரயில்களில் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று கணக்கு, வகுத்தால் 43.5 வரும். 1930களில் லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் பொம்மை ரயில்களுக்குத் துணையாக வார்த்த குட்டி வண்டிகள்தான் பிறகு டிங்கி டாய்ஸ் ஆயின. 1:18 அளவில் ஜெர்மனியின் சிஎம்சி செய்கிறவை வேறு ரகம்: ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள், பானட்டைத் தூக்கினால் உள்ளே முழு இன்ஜின். பிரமிப்புதான். ஆனாலும் என் மனசு 1:43 அளவிலான பத்து சென்டிமீட்டர் காரிடமே போகிறது. எல்லாவற்றையும் திறந்து காட்டிவிட்டால் பார்க்கிறவனுக்கு என்ன வேலை?

சேகரிப்பவர்களின் வயிற்றில் புளியைக் கரைக்கிற விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கார்களை வார்க்கும் துத்தநாகக் கலவையில் துளி ஈயம் சேர்ந்துவிட்டால், வருஷங்கள் கழித்து உலோகம் உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கும். போருக்கு முந்தைய டிங்கி கார்கள் பல இப்படிப் போயின. முதலில் பெயின்டில் மயிரிழை விரிசல், பிறகு உடல் உப்பிக் கோணும், கடைசியில் தொட்டால் உதிரும். மருந்து கிடையாது. ஈரமும் சூடும் இதை விரைவுபடுத்தும் என்பதால், சென்னை, தூத்துக்குடி வாசகர்கள் அலமாரியைச் சமையலறைப் பக்கம் வைக்காமலிருப்பது நல்லது. பெட்டியைப் பிரிக்காமலே பூட்டி வைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: விலை கூடும், வாஸ்தவம்தான், எப்போதாவது திறந்தும் பாருங்கள்.

உங்களிடம் பழைய பந்தயக் கார் மாதிரி இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். துடைத்து மெருகேற்ற வேண்டாம். பக்கவாட்டு எண் தெளிவாகத் தெரியட்டும்; எந்தப் பந்தயம், யார் ஓட்டினார் என்று தேடித் தருவது எங்கள் பொறுப்பு. எண்ணே அழிந்துபோன கார் என்றால் மட்டும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்