வேலைக்குப் போக எந்தச் சைக்கிள்?



2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் பெற்றோல் என்றார்கள். அப்போது லிங்கநகரில் நம்மில் பலர் சைக்கிளில்தான் வேலைக்குப் போனோம். யாரும் வெட்கப்படவில்லை. கியூ ஓய்ந்ததும் அதே சைக்கிளை வீட்டுக்குப் பின்னால் துருப்பிடிக்க விட்டோம்.

மலிவாக ஒன்று தேடுவதென்றால் முதலில் அதை வெளியே எடுப்போம். டயர், ரியூப், செயின், பிரேக்கட்டை மாற்றினால் பெரும்பாலும் ஓடும். ஃபிரேமைத் துரு தின்றிருந்தால் மட்டும் விட்டுவிடுவோம்.

புதிதாக வாங்கினாலும் கியர் வேண்டாம். நம் உப்புக்காற்றுக்கு அது தாங்காது, திருத்தவும் செலவு. மட்கார்ட், கரியர் உள்ள சாதாரண சைக்கிளே போதும்.

கடனுக்கு மோட்டார் சைக்கிள் எடுத்து, மாதக் கடைசியில் கைமாற்று கேட்பதுதான் வெட்கம். ஆசிரியர்கள் நாங்களும் சைக்கிளில் வருவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.