கீழே இறங்கவும் பழக வேண்டும்

லெம்பா பெர்த்தாமில் பொழுது சாய்ந்ததும் குளிர் இறங்கிவிடும். அந்த நேரத்தில் பெட்டியைத் திறந்து டிரம்பெட்டை எடுக்கும் பிள்ளைக்கு முதல் சிக்கல் குளிர்தான். குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகச் செல்லும். குழலுக்குள் இருக்கும் காற்று 30 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்குக் குளிர்ந்தால், சுருதி ஏறக்குறைய கால் கட்டை இறங்கிவிடும். அதனால்தான் வாசிக்கும் முன் சத்தம் வராமல் மூச்சை ஊதிக் குழலைச் சூடாக்கிக்கொள்கிறார்கள்.

இது தானாக இறங்கும் சுருதி. வாசிப்பவர் தாமே கீழ் சுவரத்துக்கு இறங்குவது வேறு சங்கதி. பள்ளிப் பஞ்சராகத்தில் சேரும் பிள்ளைக்கு உச்ச சுவரத்தின் மீதுதான் ஆசை. அதை எட்ட மவுத்பீஸை உதட்டில் அழுத்துகிறது. அழுத்த அழுத்த உதட்டில் இரத்த ஓட்டம் குறைகிறது, உதடு மரத்துப்போகிறது. வலி வந்தபின் "எனக்கு இது வராது" என்று கருவியை மூலையில் வைத்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்குக் கீழ் சுவரங்கள் நல்ல மருந்து. அழுத்தினால் அவை வரவே வராது.

டிரம்பெட்டின் குழல் நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். வால்வை அழுத்தும்போது கூடுதல் குழாய் சேர்ந்து சுவரம் இறங்கும். மூன்றையும் அழுத்தினால் நோட்டில் எஃப் ஷார்ப் என்று எழுதப்படும் கடைசிச் சுவரம் கிடைக்கும். அதற்கும் கீழே உள்ளவற்றைப் பெடல் நோட்டு என்பார்கள். அங்கே குழலின் துணை சரியாகக் கிடைக்காது. உதடும் மூச்சுமே சுவரத்தைத் தாங்க வேண்டும். அமெரிக்க ஆசிரியர் கிளாட் கோர்டன் இவற்றைத் தினசரிப் பயிற்சியிலேயே சேர்த்தார்.

கீழ் சுருதியின் அருமை நமக்குப் புதிதல்ல. முன்பு கோயில்களில் ஒலித்தது திமிரி நாதஸ்வரம். குழல் குட்டை, சுருதி உச்சம். திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) சுருதியைக் கீழே கொண்டுவர விரும்பினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி நீண்ட குழலைக் கடைந்து கொடுத்தார். அதுதான் பாரி நாதஸ்வரம். குழல் நீண்டதால் துளைகள் விலகின, விரல்கள் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் நாதம் கனத்தது. அவருடைய தோடியைச் சொல்லாமல் இன்றும் நாதஸ்வரப் பேச்சு முடிவதில்லை. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

டிரம்பெட் பழகும் பிள்ளைகளுக்குச் சில குறிப்புகள்:

நடு சி-யில் தொடங்கி ஒவ்வொரு சுவரமாக இறங்குங்கள். உதட்டின் ஓரங்கள் உறுதியாக இருக்கட்டும், நடுப்பகுதி தளரட்டும். தாடையைச் சற்றே இறக்குங்கள். மூச்சு நிறைய வேண்டும், வேகம் வேண்டாம். ஒவ்வொரு சுவரத்தையும் எட்டு எண்ணும் வரை பிடியுங்கள்.

முதல் வால்வையும் மூன்றாவதையும் சேர்த்து அழுத்தும்போதும், மூன்றையும் அழுத்தும்போதும் சுருதி சற்று ஏறிக் கேட்கும். சேரும் குழாயின் நீளம் கணக்குக்குக் கொஞ்சம் போதாததே காரணம். மூன்றாவது வால்வின் சறுக்குக் குழாயை வெளியே தள்ளினால் சரியாகிவிடும்.

தொடக்கத்தில் ஐந்து நிமிடம் போதும். உதடு மரத்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. தொடக்கத்தில் இந்தச் சுவரங்கள் எருமை கத்துவது போலத்தான் கேட்கும். பக்கத்து வீட்டார் சிரிக்கலாம், நீங்கள் சிரிக்காதீர்கள். "இன்றைக்கு நேற்றைவிட நீளமாகப் பிடித்தாய்" என்று சொல்லுங்கள். மூலைக்குப் போகவிருந்த கருவி மறுநாளும் பெட்டியைவிட்டு வெளியே வர அந்த ஒரு வார்த்தை போதும்.