உப்பு ஏற்றிய லாரியை வாங்கலாமா?

சொந்தமாக ஒரு லாரி வைத்துக்கொள்ளும் ஆசை நம் வணிகர்களிடையே மறுபடியும் தலைதூக்கியிருக்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. சீசனில் வண்டி கிடைப்பதில்லை. கிடைத்தால் அவர்கள் சொன்னதுதான் வாடகை. கொல்லத்துக்கு அனுப்பிய சரக்கு இரண்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தால், அங்குள்ள பார்ட்டி விலையில் கழித்துக்கொண்டுதான் பணம் அனுப்புகிறார். புது ஆறு சக்கர வண்டி, பாடி கட்டி ரோட்டில் இறங்கும்போது இருபத்தைந்து லட்சத்தைத் தொட்டுவிடுகிறது. ஆகவே பார்வை பழைய வண்டியின் மேல் விழுகிறது.

சில மாதங்களுக்கு முன் நம் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. மகன் தூத்துக்குடியில் ஒரு வண்டி பார்த்து வைத்திருந்தான். 2009 மாடல். கேட்ட விலை ரூ.4,60,000. சாவியைத் திருப்பியதும் என்ஜின் ஒரே அடியில் பிடித்தது, புகை இல்லை. டயர் ஆறில் நான்கு பாதிக்கு மேல் இருந்தது. யூரியா திரவம், சென்சார் என்று இப்போது வரும் வண்டிகளில் உள்ள தொல்லை எதுவும் இல்லாத பழைய பம்பு என்ஜின். எந்த ஊர் மெக்கானிக்கும் தைரியமாகக் கை வைப்பார். விற்பவரும் நல்ல மனிதர், டிரைவராக இருந்து ஓனர் ஆனவர். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்கிறார். அட்வான்ஸாக ரூ.25,000 கொடுத்துவிடலாம் என்று மகன் பணத்தோடுதான் வந்திருந்தான்.

நம் கடையில் டோக்கன் எழுதுகிறவரையும் அழைத்துப் போயிருந்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நகர்ந்து போனார். முன்பக்கம் தட்டியபோது கணீரென்று கேட்டது. பின் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடத்தில் தட்டியபோது சத்தம் சொத்தென்று அடங்கிப் போயிற்று. கருப்புப் பெயிண்டோடு சேர்ந்து துரு பத்தை பத்தையாக உதிர்ந்தது. விசாரித்ததில், வண்டி பல வருஷம் உப்பு நடை ஓடியது.

உப்பு லாரியின் சங்கதி கடற்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூட்டையிலிருந்து கசியும் உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக இறங்கி, பாடிக்கும் சேஸுக்கும் நடுவே போட்டிருக்கும் மரக்கட்டையில் ஊறி நிற்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். வெயிலில் மேலே காய்ந்தாலும் கட்டைக்கு அடியில் காயாது. அங்கேதான் சேஸின் மேல்விளிம்பு கரைகிறது. வெளியே நின்று பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. இரட்டைத் தகடு வைத்த சேஸாக இருந்தால் இன்னும் மோசம். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். இரண்டு தகடுக்கும் நடுவே துரு வளர்ந்து, ஆப்பு அடித்ததுபோல் தகடுகளைப் பிரித்து ரிவெட்டைத் தெறிக்க வைத்துவிடும். பேட்டரிப் பெட்டிக்கு அடியில் அமிலம் சிந்தி அரித்திருப்பதையும் பார்க்க வேண்டும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கவேண்டி வந்ததே. எத்தனை கவனமாகப் பராமரித்த இரும்பையும் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. லாரியை யார் அப்படிப் பராமரிக்கிறார்கள்?

மகன் விடவில்லை. பட்டறைக்காரரைக் கேட்டான். அவர் முதலில் ரூ.75,000 என்றார். பாடியைத் தூக்கிப் பார்த்தால்தான் முழுதும் தெரியும் என்று சேர்த்துக்கொண்டு, ஒன்றே முக்கால் லட்சம்வரை போகலாம் என்று முடித்தார். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். குறுக்குச் சட்டம் மட்டும் அரித்திருந்தால் கழற்றி வேறு போட்டுவிடலாம். அது செலவே தவிர ஆபத்தல்ல. நீளச் சட்டம் அப்படியல்ல. முழுப் பாரமும் அதன்மேல்தான். அது சாதாரண இரும்பல்ல. வெல்டிங் சூட்டில் அதன் உரம் குறையும். ஒட்டுத்தகடு வைத்த இடம் தாங்கும், அதற்கு ஒரு சாண் தள்ளி விரிசல் விடும். சேஸையே மாற்றலாம் என்றால், சேஸ் நம்பர் அந்தச் சட்டத்தில்தான் அடித்திருக்கிறது. ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் மாற்றினால் ஆர்.சி. புத்தகம் ஒரு வண்டிக்கு, ஓடுவது வேறு வண்டி என்றாகிவிடும்.

மற்ற கணக்கும் உண்டு. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. பதினைந்து வருஷம் தாண்டிய கனரக வண்டிக்கு அந்தக் கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரல் முதல் ரூ.12,500 ஆக்கியது; பிறகும் ஏறியிருக்கிறது, வாங்குமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் புது லாரிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. வரி உள்ள சரக்கு விற்கிறவர் அதையும் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். தனியாரிடம் வாங்கும் பழைய வண்டியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இதையெல்லாம் கூட்டினால் நான்கு லட்சத்து அறுபதாயிரம் எங்கேயோ போய் நிற்கிறது.

ஆனால் நாம் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பியது இந்தக் கணக்கினால் அல்ல. 1997-இல் நாமும் நம் தமையனாரும் இதேபோல் ஒரு வண்டி வாங்கினோம். கேபினுக்குப் பின்னால் துரு இருந்தது தெரியும். ஒட்டுத்தகடு வைத்தோம், பெயிண்ட் அடித்தோம், பூஜை போட்டோம். சந்தை விலைக்கு முப்பத்தைந்தாயிரம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டோம். ஐந்தாம் மாதம், செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில், பருப்பு லோடோடு ஒரு வளைவில் சேஸ் முறிந்து வண்டி நடுவில் உட்கார்ந்தது. டிரைவர் தப்பினார். கட்டை போட இறங்கி ஓடிய கிளீனர் பையனின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. சுத்தியலோடு வண்டிக்கு அடியில் போனவர் அவர்தான். மகனுக்கு இந்தக் கதை தெரியும். ஆனால் துருவினால் என்று அன்றுவரை தெரியாது. நாம் சொல்லியிருக்கவில்லை.

ஆகவே நம் கருத்து இது. மேலாகப் படிந்த துரு, குறுக்குச் சட்டத்துத் துரு என்றால் விலையில் கழித்துக்கொண்டு தாராளமாக வாங்கலாம். நீளச் சட்டத்தில் பத்தை உதிர்ந்தால் என்ன விலைக்கும் வேண்டாம். உப்பு நடை, கருவாட்டு நடை ஓடிய வண்டியைப் பாடியைத் தூக்கிக் காட்டினால் ஒழியப் பேச்சே தொடங்கக்கூடாது. சேஸில் மட்டும் புதுக் கருப்புப் பெயிண்ட் பளபளத்தால் அங்கேயே சுத்தியலைப் போட வேண்டும்.

இதோடு நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பவில்லை. வாங்கும்போது இவ்வளவு பார்க்கிற நாம், வாடகைக்கு ஏற்றும்போது என்ன பார்க்கிறோம்? புக்கிங் ஆபீசில் ஆயிரம் ரூபாய் குறைவாக எந்த வண்டி கிடைக்கிறது என்பதைத்தான். நாம் வேண்டாம் என்று விட்ட வண்டி காயலான் கடைக்குப் போவதில்லை. வேறொருவர் வாங்கிப் பெயிண்ட் அடித்து, நம் குடோனுக்கே வாடகைக்குக் கொண்டுவருகிறார். குறைந்த வாடகை கேட்டுக் கேட்டு அப்படிப்பட்ட வண்டிகளை ரோட்டில் வைத்திருப்பதே நாம்தான். இதைச் சொன்னால் சங்கத்தில் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

போன மாதம் அதே வண்டி நம் குடோன் வாசலில் வந்து நின்றது. புதுப் பெயிண்ட், முகப்பில் புதுப் பெயர், எஃப்.சி.யும் புதிது. நம்பரைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. கொல்லத்துக்குப் பத்து டன், மலைப்பாதை. சுமைதூக்குவோர் பலகை போட்டு இரண்டு மூட்டையும் ஏற்றிவிட்டார்கள். இறக்கச் சொன்னோம். டிரைவர் சின்னப் பையன். தனியே கூப்பிட்டுச் சேஸைப் பற்றிச் சொன்னோம். "எனக்கும் தெரியும் அண்ணாச்சி. ஓனர்ட்ட யாரு சொல்றது? நான் எறங்குனா வேற ஆளு ஏறிருவான்" என்றான். காத்திருப்புக் கூலி கொடுத்து, ஓனரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு அனுப்பினோம். ஓனரிடம் பேசியபோது, மற்ற கடைக்காரர்கள் யாரும் இப்படிச் சொன்னதில்லையே என்று கேட்டார்.

மறுநாள் மாலைதான் வேறு வண்டி கிடைத்தது. வாடகை ரூ.1,200 கூடுதல்.